அணைக்கச் சொன்னது விளக்கைத்தான்

அன்று எங்கள் தொட்டிகளில் ஓடியது கருநீலம். எனக்கு ஒண்ணுக்குப் போனதோ சிவப்பு.

சாயப்பட்டறைப் பக்கமே வராதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எங்களுக்கு மூக்கைச் சிந்தினால் சாயம், காறித் துப்பினால் சாயம், முகம் துடைத்த துண்டில் சாயம். மெரூன் ஓடுகிற வாரத்தில் நீர் சிவந்து போனால், "உள்ளயும் மெரூன் ஓடுதுடி" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டு, இன்னும் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்ப்போம். வலித்தால் அது சீக்கு. வலிக்காவிட்டால் அது சாயம். எங்கள் வைத்தியம் அவ்வளவுதான். எனக்கும் பல மாதமாக வலியே இல்லாமல் விட்டுவிட்டுச் சிவந்துதான் போய்க்கொண்டிருந்தது. மெரூன், ரோஸ், மிளகாய்ச் சிவப்பு என்று வரிசையாக ஆர்டர் வந்த காலம் அது. நானும் சாயம் என்றே நினைத்தேன்.

கருநீலம் ஓடும்போது அப்படி நினைக்க முடியவில்லை. நனைந்த சேலையோடு நேராக எங்கள் சாயப் பூங்காவின் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ் பெண் என் கைப்பட்டையை வாங்கி மெஷினில் காட்டினாள். திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. மாதவிலக்குன்னு காட்டுது. ரெண்டு மூணு நாள்ல நின்னுரும்."

"ஆருக்கு?"

"உங்களுக்குத்தானுங்க."

"அம்மிணி, எனக்குக் கர்ப்பப்பைய எடுத்து எத்தனையோ வருசமாச்சு. இல்லாத பையிலிருந்து எப்படி வரும்?"

அவள் திரையை இன்னொரு தரம் பார்த்தாள். என்னை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. "மெஷின் அப்படித்தானுங்க சொல்லுது."

என் பெயர் நாச்சம்மாள். பவானிக்குக் கிழக்கே இருக்கிற நீலவேணி சாயப் பூங்காவில் அலசல் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் காலமாகி வெகு நாளாகிறது, பிள்ளை கிடையாது. கூடப்பிறந்த தம்பி சென்னியப்பன் அதே பூங்காவில் பாய்லர் ஓட்டுகிறான். அவன் வீடுதான் எனக்கும் வீடு. நாச்சம்மாளுக்குக் கோபம் ஜாஸ்தி என்று பூங்காவில் எல்லாரும் சொல்வார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், ஜாஸ்தியா கம்மியா என்று.

அந்த மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் இருக்கிற அத்தனை கழிப்பறையிலும் பீங்கானுக்குள்ளே ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கிறார்கள். நாம் போகிற நீரை அது பார்த்து, நம் கைப்பட்டையில் பதிந்துவைக்கும். சாயத்தொழிலில் இருப்பவர்களுக்கு மூத்திரப்பையில் புற்று வருவது அதிகம் என்று கோர்ட்டு வரை போய் ரகளையான பிறகு வந்த ஏற்பாடு. பேப்பரில் அதற்கு வாய்க்குள் நுழையாத பேர். நாங்கள் வைத்த பேர் ஜோசியக்காரன். "ஜோசியக்காரன் என்னடி சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டுதான் வெளியே வருவோம்.

பொய் சொல்லக்கூடாது, ஜோசியக்காரன் கெட்டிக்காரன். என் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு வலியில்லை, காய்ச்சலில்லை, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சிவப்புகூட இல்லை. ஒருநாள் அவன் போய்விட்டு எழுந்தபோது கதவுக்கு மேலே இருந்த விளக்கு சிவப்பாக எரிந்தது. மேஸ்திரி கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார், அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. குழாய் விட்டுப் பார்த்ததில் கடுகளவு ஒரு கட்டி. அதைச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு வாரம் ஒருநாள் கூப்பிட்டு, மூத்திரப்பைக்குள் ஒரு மருந்துத் தண்ணீரை விட்டார்கள். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத மெஷின்கள் நீந்துமாம், கெட்ட செல்லை மட்டும் தேடித் தின்னுமாம். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அதை மீன்குஞ்சு என்றுதான் சொல்கிறார்கள். ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு, இடமும் வலமுமாகப் புரண்டு புரண்டு படுக்கவேண்டும். "என்ற வகுத்துக்குள்ள கெண்டை வளக்கறேன்க்கா" என்று சிரித்துக்கொண்டே போய் வந்தான். சீக்கு போன இடம் தெரியவில்லை. இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறான்.

ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே பூங்காவில் வேலை, ஒரே சாயம், ஒரே தண்ணீர். அவனை ஜோசியக்காரன் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

கிளினிக்கிலிருந்து சீட்டு இல்லாமலே, தன்னைக் குணமாக்கிய டாக்டரிடம் கெஞ்சித் தம்பி என்னைக் கூட்டிப்போனான். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஷமீமா என்று ஒருவர். சிறுநீரகப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. நெடுநெடுவென்று இருப்பார், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. குழாய் விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதை எடுத்து சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த அன்று எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி என் பின்னால் நின்றான்.

"நாச்சம்மா, கிட்னியில ஆரம்பிச்சு மூத்திரப்பை வரைக்கும் உள்ள ஒரே மாதிரி தோல்தான் விரிச்சிருக்கு. நிரம்பினா விரியணும், காலியானா சுருங்கணும் இல்லையா? அதுக்குத் தோதா உருவம் மாறிக்கிற செல்லு. நீங்க சுவாசிச்ச சாயம், கை வழியா உள்ள போன சாயம், எல்லாத்தையும் கிட்னி வடிகட்டி அந்தப் பையிலதான் கொண்டாந்து சேர்க்குது. நீங்க எவ்வளவு நேரம் அடக்கி வெக்கிறீங்களோ அவ்வளவு நேரம் அது அங்கயே ஊறும்."

"அதுல புண்ணு வந்துருச்சா டாக்டர்?"

"புற்று வந்திருக்கு. மேல்தோல்ல இருந்தா உங்க தம்பிக்குச் செஞ்ச மாதிரி சுரண்டிட்டு மீன்குஞ்சு விட்டுருப்பேன். உங்களுக்கு அது தோலைத் தாண்டிச் சதைக்குள்ள எறங்கிருச்சு. அங்க மீன்குஞ்சு போகாது. மொதல்ல சில மாசம் மருந்து ஏத்தணும். அப்புறம் பையையே எடுக்கணும். வயித்துல ஒரு வழி வெச்சு வெளிய ஒரு பை ஒட்டிருவோம். மூத்திரம் அதுல வந்துக்கும்."

"பொழச்சுக்குவனா?"

"பாதிக்குப் பாதி. அதுக்கு மேல நான் பொய் சொல்ல மாட்டேன்."

தம்பி பின்னால் விசும்பினான். எனக்கு அழுகை வரவில்லை. டாக்டர் எதையோ யோசித்தபடியே கேட்டார்.

"எனக்கு ஒண்ணு புரியலை. உங்க பூங்காவுலதான் கழிப்பறைக்குக் கழிப்பறை கண்ணு வெச்சிருக்காங்களே. ஒரு வருஷம் முன்னாடியே இது தெரிஞ்சிருக்கணும். ஆம்பளைங்களை அனுப்பிக்கிட்டேதான் இருக்காங்க. நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன், அங்கருந்து ஒரு பொம்பளையைக்கூட அனுப்பினதில்லை. உங்களுக்கு வராதுன்னு நினைச்சேன்னு சொன்னா எனக்கே வெக்கமா இருக்கு."

அப்போதுதான் கிளினிக்கில் அந்த நர்ஸ் சொன்னது எனக்கு நெஞ்சில் உறைத்தது. மாதவிலக்கு! சொன்னேன். டாக்டர் முகம் கறுத்துப் போனது. "போய்க் கேளுங்க" என்றார். "மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி போய்க் கேளுங்க."

கேட்பதற்கு முன், விளக்குக்காக நாங்கள் உட்கார்ந்த கதை உங்களுக்குத் தெரியவேண்டும்.

மெஷின் வந்த புதிதில் பெண்கள் பகுதியிலும் கதவுக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ரத்தம் தெரிந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அட கெரகமே, பொம்பளைக்கு மாசா மாசம் ரத்தம் தெரியாதா? எவளுக்கு எப்போது தூரம் என்று பூங்காவுக்கே தெரிந்துபோயிற்று. மேஸ்திரிமார்கள் அதை வைத்துச் சிரிப்பார்கள். மேகலா என்று ஒரு சின்னப் பெண், கல்யாணம் ஆகாதவள், எங்கள் பிரிவுதான். அவள் வெளியே வரும்போது ஒருத்தன், "என்ன மேகலா, இன்னிக்குக் கொடி ஏத்தியாச்சா?" என்று கத்தினான். அந்தப் பிள்ளை அன்றிலிருந்து வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். அவள் மட்டுமா? நாங்கள் எல்லாருமே அடக்கிக்கொண்டு நின்றோம். டாக்டர் சொன்னாரே, அடக்கினால் ஊறும் என்று. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதனால் வேலையை நிறுத்திவிட்டுப் பூங்காவின் கேட்டில் உட்கார்ந்தோம். ஒரு தொட்டிகூட ஓடவில்லை. முன்வரிசையில் நான்தான். கௌசல்யா மேடம் வெளியே வந்தார். பூங்காவின் நலத்துறை மேலாளர். அவரும் கலர் லேபில் சாயப்பொடி நிறுத்துக் கலக்குகிற வேலையில் தொடங்கி மேலே போனவர்தான், என் வயசுதான் இருக்கும். "அந்த விளக்கு இனி எரியாது, நான் பொறுப்பு" என்றார். சொன்ன மாதிரியே எரியவில்லை. நாங்கள் லட்டு வாங்கிக் கொடுத்தோம், மேடத்துக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

டாக்டரிடமிருந்து நேரே மேடத்தின் அறைக்குத்தான் போனேன். மெஷின் கம்பெனியிலிருந்து மாசம் ஒருதரம் வருகிற இன்ஜினியர் பிரசன்னாவும் அன்று அங்கே இருந்தான். சின்னப் பையன் மாதிரி முகம், மெட்ராஸ் பேச்சு. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் அவனைப் பார்த்தார்.

"பிரசன்னா, மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"கோளாறு இல்ல மேடம். அது நாம மாத்தின செட்டிங்தான்."

"என்னன்னு மாத்துனீங்க சாமி?" என்று கேட்டேன்.

"விளக்கு எரியக்கூடாதுன்னு சொன்னாங்க. அதை மட்டும் நிறுத்தணும்னா ஒவ்வொரு ரூமா போய் வயரைக் கழட்டணும்மா. அதுக்குப் பதிலா, பெண்கள் பகுதியில ரத்தம் தெரிஞ்சா அது மாதவிலக்கு, மேற்கொண்டு பார்க்க வேணாம்னு ஒரே செட்டிங்ல முடிச்சுட்டோம். பார்க்கலைன்னா விளக்கும் எரியாது இல்லையா?"

அவன் சொன்ன விதத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. வேலையைச் சுலபமாக முடித்த பெருமை.

"எனக்குக் கர்ப்பப்பையே இல்லைன்னு அதுக்குத் தெரியாதா?"

"அது ஆளுக்குப் போட்ட செட்டிங் இல்லம்மா, ரூமுக்குப் போட்டது. லேடீஸ் ரூம்ல யாரு போனாலும் ஒண்ணுதான்."

"அப்ப ஆம்பளைங்க பக்கம் ஒரு பொம்பளை போனா?"

"அங்க முழுசாப் பார்க்கும். செல்லெல்லாம் எண்ணிச் சொல்லும்." சிரித்தான். "ஆனா யாரு அங்க போகப்போறாங்க?"

நான் சிரிக்கவில்லை. "ஏஞ்சாமி, இன்னிக்கு ரத்தமிருந்தா ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் பாருன்னு அதுகிட்டச் சொல்ல முடியாதா? நாலஞ்சு நாள் சமாச்சாரம்தானே? உங்க ஊட்டுலயும் பொம்பளைங்க இருக்கறாங்கல்ல?"

அவன் சிரிப்பு நின்றது. "சொல்லலாம்மா. ஒரு வரிதான். யாரும் கேக்கலையே."

யாரும் கேட்கவில்லையாம்! என் மூத்திரப்பையைக் காப்பாற்ற நான் விண்ணப்பம் போட்டிருக்கவேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையில் ஓங்கித் தட்டினேன், தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. மேடம் எழுந்து நின்றார். அவர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"நாச்சம்மா, உங்க வேதனை எனக்குப் புரியுது. நான் குத்தமாச் சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க, நீங்கதானே கேட்டீங்க? கேட்டுல உக்காந்து கேட்டது நீங்கதானே?"

"நாங்க அணைக்கச் சொன்னது வெளக்கைங்க! கண்ணையா பிடுங்கச் சொன்னோம்?"

"உங்க மானத்துக்காகத்தான் செஞ்சோம்."

"எங்க மானத்துக்கு வயரைக் கழட்ட உங்களுக்குச் சோம்பேறித்தனம். அதுக்கு மானம்னு பேர் வெக்காதீங்க."

மேடம் உட்கார்ந்தார். தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். மெஷின் கம்பெனியோடு ஒப்பந்தத்தைத் திருத்தவேண்டும், பெண்கள் எல்லாரிடமும் சம்மதம் வாங்கவேண்டும், வக்கீல் பார்க்கவேண்டும். "கட்டாயம் செய்யறோம். நீங்க மொதல்ல உடம்பைப் பாருங்க" என்றார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, மறுநாள் எனக்கு மருந்து ஏற்ற நாள் கொடுத்திருந்தார்கள்.

அந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முடி கொட்டியது, வாய் வெந்தது, சோற்றைப் பார்த்தால் குமட்டியது. பிறகு ஆபரேஷன். கண் விழித்தபோது தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு மொட்டு, அதன்மேல் ஒட்டிய பை, பையில் மஞ்சள் தண்ணீர். என் மூத்திரத்தை நானே வெளியே தூக்கிக்கொண்டு திரியவேண்டும், சாகிற வரைக்கும். டாக்டர் ஷமீமா பையைத் தட்டிப் பார்த்து, "நல்லா வடியுது" என்றார், ஏதோ நல்ல செய்தி மாதிரி. அவருக்கு அது நல்ல செய்திதான்.

மேகலா பார்க்க வந்தாள், ஆரஞ்சுப் பழத்தோடு. நான் முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

"மாத்திட்டாங்களா?"

"இல்லீங்கக்கா. அப்படியேதான் இருக்குது. கேட்டா எழுதியிருக்கோம்கிறாங்க."

"நீ ஆஸ்பத்திரில ஒருதரம் காட்டிரு கண்ணு."

"வந்தனுங்கக்கா. கிளினிக்குலருந்து சீட்டு இல்லாம குழாய் விட்டுப் பாக்க மாட்டாங்களாம். வெளிய அத்தன கூட்டம். டாக்டரம்மா என்ன பண்ணுவாங்க, ஒரே ஒரு மெஷினு. கிளினிக்குல கேட்டா தூரம்ங்கறாங்க."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் பச்சைச் சாயம். இவளுக்குள் என்ன ஊறிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, பூங்காவிலேயே, இருபது அடி தள்ளி, ஆண்கள் பக்கத்துக் கதவுக்குள். அன்று படுக்கையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

நடக்க முடிந்ததும் பூங்காவுக்குப் போனேன். வேலைக்கு இல்லை. முதல் ஷிப்டு டீ நேரம் பார்த்துப் போனேன். ஆண்கள் பகுதியின் வாசலில், இரண்டு கையையும் நிலைப்படியில் வைத்துக்கொண்டு நின்றேன். சென்னியப்பனை உள்ளே அனுப்பினேன். அவன் உள்ளே இருந்தவர்களை வெளியே விரட்டினான்.

"அக்கட்ட போங்கடா, தொட்டிக்குப் பின்னால போங்க. இன்னிக்கு இது பொம்பளைங்களுக்கு."

"இதென்னடா கூத்து?" என்றான் ஒருத்தன்.

"உன்னைய இந்த வெளக்குதான காப்பாத்துச்சு? என்னையக் காப்பாத்துச்சு. எங்கக்காவக் காப்பாத்தல. போடா" என்றான் தம்பி. கேட்டவன் தொட்டிக்குப் பின்னால் போனான். அவனும் மீன்குஞ்சு விட்டுக்கொண்டவன்தான்.

நான் அலசல் பிரிவைப் பார்த்துக் கத்தினேன். "வாங்கடி எல்லாரும்! தூரமா இருக்கறவங்க மட்டும் அடுத்த வாரம் வாங்க. மத்தவங்க வரிசையா வாங்க. அதுதான் செட்டிங்கு! ஆறு மாசமா இவங்களுக்கு எழுதத் தெரியாத செட்டிங்கு!"

முதலில் யாரும் அசையவில்லை. பழைய கூச்சம். விளக்கு எரியக்கூடாது என்று உட்கார்ந்தவர்களை விளக்குக்கு அடியில் வா என்று கூப்பிட்டால்? மேகலாதான் முதலில் வந்தாள். "கொடி ஏத்தியாச்சா" என்று எல்லார் எதிரிலும் கேட்கப்பட்ட அதே மேகலா. தலையை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள். நான் கதவுக்கு மேலே பார்த்துக்கொண்டே நின்றேன்.

பச்சை.

"அம்மாடி" என்று என் வாய் தானாகச் சொன்னது. வெளியே வந்தவளைக் கட்டிப்பிடிக்கக் கை போனது, பை இடித்தது. அதற்குப் பிறகு வரிசை நீண்டுவிட்டது. பச்சை, பச்சை, பச்சை. பிறகு துணி மடிக்கும் பிரிவிலிருந்து வந்த ஒருத்திக்குச் சிவப்பு. அவள் விளக்கைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணுமே பண்ணலையே, வலிகூட இல்லியே" என்றாள். நானும் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்! சென்னியப்பன் விளக்கோடு சேர்த்து அவளை செல்போனில் படம் பிடித்து டாக்டர் ஷமீமாவுக்கு அனுப்பினான். கிளினிக் சீட்டு வேண்டாம், இந்தப் படத்தோடு வந்தால் போதும் என்று பதில் வந்தது.

செக்யூரிட்டி வந்தார்கள். ஒருத்தன் என் தோளைத் தொட்டு நகரச் சொன்னான். நான் சேலைத் தலைப்பை விலக்கிப் பையைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இதைப் புடி. புடிடா! இதை எனக்குக் குடுத்தது உன்ற கம்பெனி. இதைத் திருப்பி வாங்கிக்கிட்டீங்கன்னா நான் நகர்ந்துக்கறேன்."

அவன் பின்வாங்கினான். அதற்குப் பிறகு யாரும் கிட்டே வரவில்லை. மேலே அலுவலக மாடியில் கௌசல்யா மேடம் ஜன்னலோரம் நிற்பது தெரிந்தது. போலீசைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் ஷிப்டு முடிகிற நேரம் வரிசை குறைந்தது. கால் கடுத்தது, வயிற்றில் தையல் இழுத்தது. கடைசி ஆள் யாரென்று திரும்பிப் பார்த்தேன். மேடம் நின்றுகொண்டிருந்தார். பட்டுப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன, கதவைப் பூட்ட வந்தீங்களா?"

"இல்ல நாச்சம்மா." சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் கொஞ்ச நாளா... வலியெல்லாம் இல்ல. நம்ம ஆபீஸ் பாத்ரூம்லயும் அதே செட்டிங்தான். நானும் வயசு மாறுற சமயம்தானேன்னு விட்டுட்டேன்." அப்புறம் கதவுக்கு மேலே பார்த்துக் கேட்டார். "அந்த விளக்கை மட்டும்... யாரும் பாக்காம இருக்க முடியுமா?"

அன்று லட்டு வாங்கிய கை இது. 'நீங்கதானே கேட்டீங்க' என்று சொன்ன வாய் இது. அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர் கண்ணில் இருந்த பயம், குழாய் விடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் என்னிடம் இருந்த பயம்தான்.

"எல்லாரும் அக்கட்டத் திரும்புங்கடி!" என்று கத்தினேன். மேகலா உட்பட எல்லாரும் திரும்பி நின்றார்கள். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து விளக்கின் மேல் போட்டேன். மேடம் உள்ளே போனார். நான் துண்டின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன்.

சிவப்பு.

மேடம் வெளியே வந்தார். கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். என் முகத்துக்குப் பொய் சொல்ல எப்போதுமே தெரியாது. அவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார், பட்டுப் புடவையோடு, ஈரத்தில். அங்கிருந்தபடியே செல்போனை எடுத்தார்.

"பிரசன்னா, பெண்கள் பகுதியில அந்த செட்டிங்கை எடுத்துரு. ரத்தம் இருந்தா ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் பார்க்கணும். விளக்கு வயரை நாளைக்குக் கழட்டிக்கலாம், அதுவரைக்கும் துணி போட்டு மூடிக்கறோம். முடிவு அவங்கவங்க செல்போனுக்குப் போகட்டும். இல்ல, ஒப்பந்தம் அப்புறம். வக்கீலும் அப்புறம். இப்பவே."

மேகலா எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன், சூடு தாங்காமல் ஊதினேன். ஊதிக்கொண்டிருக்கும்போதே மேடத்தின் செல் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார்.

"முடிஞ்சுதாம்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டீ இன்னும் ஆறவில்லை. நான் முடி கொட்டி, வாய் வெந்து, வயிறு கிழிந்து கிடந்த அத்தனை மாதமும் எழுதிக்கொண்டே இருந்தார்களே, அந்த வேலை! டம்ளரைச் சுவரில் வீசியடிக்கவேண்டும் போல் கை பரபரத்தது. வீசவில்லை. அதை மேடத்தின் கையில் கொடுத்தேன்.

"குடிங்க. நாளைக்குக் காலைல ஒண்ணும் சாப்பிடாம பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க, நான் வாசல்ல நிக்கறேன். கடுகளவா இருந்தா மீன்குஞ்சு போதும்."

"கடுகளவா இல்லைன்னா?"

நான் என் பையைத் தொட்டுக் காட்டினேன். "அதுக்கும் நான் சொல்லித் தர்றேன்" என்றேன். "ஆனா ஒண்ணுங்க மேடம். எனக்கு இன்னும் உங்க மேல கோவம் போகல. போகவும் போகாது. அதையும் கூட்டிட்டுத்தான் வருவேன்."